சிம்யுலேட்டரிடம் யார் சொல்லிவைப்பது?

இந்த நாட்டு விண்ணப்பப் படிவங்களில் எனக்கு இன்னும் பழகாத ஒரு கட்டம் உண்டு. ‘பதில் சொல்ல விரும்பவில்லை’ என்று தனியாக ஒன்று போட்டிருப்பார்கள். கனடாவுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பனியில் வண்டி ஓட்டப் பழகிவிட்டேன். சர்க்கரை போடாத காப்பியைக்கூட முகம் சுளிக்காமல் குடிக்கிறேன். அந்தக் கட்டத்தைக் கண்டால் மட்டும் கை தானாக நின்றுவிடும். தக்கலை தாலுகா அலுவலகத்தில் என்ன சாதி என்று கேட்ட எழுத்தரிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தால், மனுவை என் கையிலேயே திருப்பித் தந்து, விரும்புகிற அன்றைக்கு வரச் சொல்லியிருப்பார்.

அதற்கு மேலே இருந்த கட்டம் இன்னும் விசேஷம். ‘நீங்கள் கண்ணுக்குப் புலப்படும் சிறுபான்மையினரா?’ ஊரில் இருந்தவரை நான் நாகர்கோவில் பஸ் நடத்துனரின் கண்ணுக்குக்கூடப் புலப்பட்டதில்லை. தட்டித்தான் சீட்டு வாங்குவேன். இங்கே அரசாங்கமே என்னைப் பார்த்துவிட்டது.

படிவம் எனக்கானதல்ல. என் மகள் அபிஷாவுக்கு. எட்டு வயதில் எங்களோடு வந்தவள், இப்போது விமானி. சிறு விமானப் பள்ளியில் மற்றவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பிறகு வடக்கே பனிக்காட்டு ஊர்களுக்கு இரட்டை எஞ்சின் விமானத்தில் முட்டையும் தபாலும் கொண்டுபோனாள். இப்போது பயணிகள் விமானக் கம்பெனி ஒன்று துணை விமானிகளை எடுக்கிறது. அவள் பல வருடமாகக் காத்திருந்த கதவு அது. எல்லாப் பக்கமும் நிரப்பிவிட்டு, டிக் போட்டால் முன்னுரிமை கிடைக்கும் அந்தச் சிறுபான்மைக் கட்டத்தை மட்டும் மூன்று நாளாகத் தொடாமல் வைத்திருந்தாள்.

“ஏட்டி, டிக்கப் போட்டு அனுப்பு. தாறத வேண்டாம்னு சொல்லுவாளா ஒருத்தி?”

“சும்மா தரல்லப்பா. நாளைக்கு எவனாவது எனக்க மூஞ்சிக்கு நேரே சொல்லுவான், நீ அதுலதான் வந்தேன்னு.”

எனக்கு அந்த வலி தெரியும். தெரியாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன். இந்த வீட்டில் அப்பாவுக்கு உரிய முகம் அதுதான்.

நான் கல்லூரியில் சேர்ந்தது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழோடு. தாசில்தார் கையெழுத்துக்கு நான்கு நாள் அலைந்து, பச்சை மை காய்வதற்குள் சட்டைப்பையில் மடித்து வைத்ததில் சட்டையும் பச்சையானது. விடுதியில் நான்கு வருடமும் எனக்கு ‘கோட்டா’ என்றுதான் பெயர். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கி நன்கொடையில் சேர்ந்தவனும் அப்படித்தான் கூப்பிட்டான். படிப்பு முடிந்ததும் தாய்மாமா என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு தொழிற்சாலை மேலாளர் வீட்டுக்குப் போனார். கையில் ஒரு மட்டி வாழைப்பழக் குலை. பஸ்ஸில் அதற்கும் சீட்டு எடுத்தோம். மாமா வாசலில் நின்று, “நம்ம பையனாக்கும், கொஞ்சம் பாத்துக்கிடணும்” என்றார். நேர்முகத்தேர்வில் என் பெயரையும் மாமாவின் நலத்தையும் விசாரித்தார்கள். வேலை கிடைத்தது. வேலையைப் பிறகு கற்றுக்கொண்டேன். முப்பது வருடத்தில் ஒருவர்கூட என்னை ‘மட்டிக்குலை’ என்று கேலி செய்யவில்லை. சான்றிதழைத்தான் கேலி செய்தார்கள். குலைக்கு ஊரில் நல்ல மரியாதை.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேரி, அதே விமானக் கம்பெனியில் கேப்டன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. நல்ல மனிதர், என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். போன கோடையில் வேலியோரம் நின்று, “யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம், தகுதி பார்த்து எடுத்தால் போதும். இப்போது கட்டத்தைப் பார்த்து எடுக்கிறார்கள்” என்றார். நான் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே “சரி, சரி” என்றேன். எங்கள் ஊரில் ‘சரி, சரி’ என்றால் காதில் விழுந்தது என்று பொருள். அவர் அதை என் கையெழுத்தாக எடுத்துக்கொண்டு, அன்று முதல் என்னைத் தன் கட்சியில் சேர்த்துவிட்டார்.

கட்டத்தைக் காலியாக விட்டே அபிஷா விண்ணப்பத்தை அனுப்ப, வியாழக்கிழமை தேர்வு என்று கடிதம் வந்தது. நேர்முகமும், தரையிலேயே விமானம் ஓட்டிக் காட்டும் சிம்யுலேட்டர் சோதனையும் ஒரே நாளில். கட்டத்தைப் பிறகும் நிரப்பலாம் என்று அதில் போட்டிருந்ததால் அவள் அதைத் திறந்தே வைத்திருந்தாள். எனக்குள் மாமா எழுந்து நின்றார். மட்டிப்பழத்துக்கு இங்கே எங்கே போவது? ஏத்தங்காய், அதாவது நேந்திரங்காய், வாங்கிவந்து என் மனைவி மெர்சியிடம் தேங்காயெண்ணெயில் சிப்ஸ் வறுக்கச் சொன்னேன்.

“சொல்லிவைக்கப் போறியளா?” என்றாள் மெர்சி, கரண்டியை நிறுத்தாமல். “அது இஞ்ச செல்லுமா?”

“மனுசன் எங்கயும் மனுசன்தான் பிள்ளே.”

டப்பாவில் போட்டுக் கேரியின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் ஒரு சிப்ஸைக் கடித்துப் பாராட்டினார். நான் தொண்டையைச் செருமி, மாமாவின் வசனத்தை ஆங்கிலத்தில் போட்டேன். வியாழக்கிழமை என் மகள் உங்கள் கம்பெனிக்கு வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஏன், உடம்பு சரியில்லையா?” என்று பதறினார் கேரி.

நான் விளக்கினேன். விளக்க விளக்க அவர் மெல்லுவது நின்றது. சிப்ஸ் டப்பாவை மெல்ல மூடி என் பக்கம் நகர்த்தினார். “வியாழக்கிழமை தேர்வாளர்களில் நானும் ஒருவன். நீங்கள் வந்ததை அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். மன்னியுங்கள்.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த சில துணிச்சலான காரியங்களில் அது ஒன்று. அபிஷா என் கையிலிருந்த சிப்ஸ் டப்பாவை வாங்கி மேசையில் வைத்தாள்.

“அப்பா, கட்டத்துல டிக் போட்டா அதுனாலன்னு சொல்லுவாங்க. போடலன்னாலும் மூஞ்சியப் பாத்து அதத்தான் சொல்லுவாங்க. இப்போ ஒங்க சிப்ஸ் வேற.”

“வறுத்தது நானாக்கும்” என்று மெர்சி குறுக்கே வந்தாள். “என்னையும் சேத்துத் திட்டு.”

அபிஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் மடிக்கணினியைத் திறந்து, கம்பெனிக்குத் தானே எழுதினாள். என் அப்பா எனக்காகப் பேசியிருக்கிறார், நான் கேட்கவில்லை, வேறு தேர்வாளரைப் போடுங்கள், சோதனையை எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் வையுங்கள். அதை அனுப்பிவிட்டு, இத்தனை நாளாகத் திறந்து கிடந்த அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள்.

“போடமாட்டேன்னு சொன்னியே?”

“அதுல இருக்கது உண்மைதானே? எதுக்கு ஒளிக்கணும்? எஞ்சின் நின்னா அந்தக் கட்டமா வந்து பிடிக்கப்போவுது? நான்லா பிடிக்கணும்.”

அடுத்த நான்கு நாளும் எங்கள் சாப்பாட்டு அறை விமானமாக இருந்தது. விமானிகளுக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு; விமானி அறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையாலும் காலாலும் வெறும் காற்றில் ஓட்டிப் பழகுவார்கள். சரிபார்ப்புப் பட்டியலை வாசிக்கும் வேலை எனக்கு. பிராயச்சித்தம் என்று நினைத்து வாசித்தேன். என் தக்கலை ஆங்கிலத்தில் அவசரநிலைகள்கூடக் கொஞ்சம் ராகமாக இருந்தன. இடது எஞ்சின் நின்றால் விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். உடனே வலது காலை அழுத்த வேண்டும். அவள் அழுத்தி அழுத்தி நாற்காலிக்கால் தரையில் கோடு போட்டது. தொண்ணூறு முறையாவது அந்த எஞ்சினை நான் நிறுத்தியிருப்பேன். ஒருமுறைகூட அவள் தவறான காலை அழுத்தவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு வெட்கம் உறைத்தது. இவளுக்கா நான் சொல்லிவைக்கப் போனேன்?

இதை எழுதும்போது ஊரிலிருந்தும் இங்கிருந்தும் ஒதுக்கீடு வேண்டும், வேண்டாம் என்கிற இரண்டு கட்சியாரும் என்னைத் திட்டுவார்கள் என்று தெரியும். திட்டட்டும். கதவை யாருக்கெல்லாம் திறந்துவைப்பது என்பது ஒரு கேள்வி. உள்ளே வந்தவருக்குப் பறக்கத் தெரியுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதில் ஒருவருக்கும் ஒரு மதிப்பெண்கூடத் தள்ளுபடி கூடாது; தள்ளுபடி உண்டென்றால் நானே அந்த விமானத்தில் ஏறமாட்டேன், ஓட்டுவது என் மகளாக இருந்தாலும். முதல் கேள்விக்குத்தான் ஆண்டாண்டாக மாமாக்கள் வாசலில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை யாரும் எந்தப் படிவத்திலும் கட்டம் போட்டுக் கேட்பதில்லை.

வியாழக்கிழமை வேறொரு தேர்வாளர் வந்தார். கறாரானவர் என்று பெயர்பெற்றவராம். சிம்யுலேட்டரில் ஏறிய சில நிமிடங்களில் எஞ்சினை நிறுத்தினார். குறுக்குக் காற்றைக் கூட்டினார். ஓடுபாதையைப் பனியால் மறைத்தார். இறங்கி வந்த அபிஷா, “வலது கால் வலிக்கு” என்றாள். உடனே தூங்கப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து வேலைக் கடிதம் வந்தது.

அதற்கு மறுநாள் கேரி வேலியருகே வந்தார். “அவள் நன்றாக ஓட்டினாளாம். கேட்டறிந்தேன்.”

“உங்களை முதலில் வேலைக்கு எடுத்தது யார், கேரி?” என்றேன். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பனி தள்ளும் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். “என் சித்தப்பா. அங்கே தலைமை விமானி.” பிறகு அவசரமாக, “ஆனால் எனக்கு ஓட்டத் தெரியும்” என்றார்.

“தெரியும் கேரி. அவளுக்கும் தெரியும்.”

அவர் தலையசைத்தார். அது எந்த ஊர்த் தலையசைப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கும் என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுத்தான் போனார்.

போன மாதம் வேலை விஷயமாக வடக்கே ஒரு சிறு ஊருக்குப் போனேன். விமானம் கிளம்பும்முன் ஒலிபெருக்கியில் துணை விமானியின் பெயரைச் சொன்னார்கள். அபிஷா என்பதை இவர்கள் சொல்லும் விதத்தில் அது வேறு யாரோ. என் பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, பெருமூச்சு விட்டு, இருக்கைப் பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கினார். ‘எனக்க மவளாக்கும்!’ என்று ஒரு முழுத் தக்கலைச் சந்தைக்கும் கேட்கிற சத்தம் என் தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அதுவும் ஒரு சொல்லிவைப்புத்தானே. விழுங்கிக்கொண்டேன். இறங்கும்போது பலத்த காற்று. விமானம் சற்றுச் சாய்ந்தபடியே வந்து ஓடுபாதையில் பதவிசாக உட்கார்ந்தது. அவர் கண்ணைத் திறந்து, “பரவாயில்லையே” என்றார்.

கதவருகே தொப்பியோடு நின்று அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரருக்கு முன்னால் நான். எனக்கும் அதே புன்னகை, அதே ஆங்கிலம். நானும் முறைப்படி நன்றி சொன்னேன். முதல் படியில் கால் வைக்கும்போது காதோரம் மெல்ல விழுந்தது: “பாத்து எறங்குங்கப்பா, ஐஸ் கெடக்கு.”

கீழே வந்ததும் அந்த மனிதர் கேட்டார்: “உங்களிடம் ஏதோ சொன்னாளே?”

“படியில் பனி இருக்கிறதாம். எல்லோருக்கும் சொல்வதுதான்” என்றேன். ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வாயின் சிரிப்பைப் பொத்தியபடி, குளிருக்காக என்று அவர் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டு நடந்தேன்.