இரண்டு விண்ணப்பங்களும் ஓர் இன்ஷா அல்லாஹ்வும்

எத்தாளைப் பக்கத்துக் கடலோரப் பள்ளிக்கூடமொன்றில் அஸ்ரியா டீச்சருக்கு உளவள ஆலோசனைப் பொறுப்பு வந்து சேர்ந்தது பெரிய கதையல்ல. பத்து நாள் பயிற்சிக்கு மற்றவர்கள் போகமாட்டோம் என்றார்கள், இவள் போனாள். திரும்பி வந்ததும், பழைய சாமான் அறையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, இனிப் பிள்ளைகளின் மனசெல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாளில் தையல்கூட ஒழுங்காகப் பழக முடியாது.

இதையே முறையாகப் பட்டப்பின் படிப்பாகப் படிக்கலாம் என்று இரண்டு விண்ணப்பங்கள் எடுத்திருந்தாள். இரண்டுக்கும் கடைசி நாள் இன்று. ஒன்று, வீட்டிலிருந்தே கணினியில் ஒரு வருடம். ஒரு பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கத் தேவையில்லை. மற்றது கொழும்பில் இரண்டு வருடம். பாடசாலைகளில் பிள்ளைகளோடு இருக்கவேண்டும், பேசுவதையெல்லாம் ஒருவர் பக்கத்திலிருந்து கேட்டுத் திருத்துவார். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ஒரு பிள்ளையின் விடயத்தில் நீங்கள் விட்ட தவறொன்றை எழுதுக.

அதை வாசித்ததும் அந்த விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டாள். ஸம்ஹாவைத் தவிர வேறு யாரை எழுதுவாள்?

ஸம்ஹாவுக்கு ஏழு வயது. வாப்பா கடலில் மூழ்கி மௌத்தானார். அடக்கம்பண்ணுமுன் ஜனாஸாவைப் பிள்ளைக்குக் காட்டவில்லை. உம்மா, புருஷனை இழந்தவள் இருக்கும் இத்தாவில், நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் வீட்டுக்குள் இருந்தாள். இத்தா முடிந்தால் வாப்பா வந்துவிடுவாரா என்று பிள்ளை கேட்டபோது, இல்லை என்று சொல்ல அஸ்ரியாவுக்கு நாக்கு எழவில்லை. இல்லை என்று சொல்ல மனமில்லாதபோது நாமெல்லாம் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"இன்ஷா அல்லாஹ், மகள்."

அல்லாஹ் நாடினால் என்பதை, வருவார் என்றே எடுத்துக்கொண்டு பிள்ளை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது யாருக்குத் தெரியும்? இத்தா முடிந்த அன்று காலை, பெருநாள் சட்டையோடு கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவளைக் கரைவலைக்காரர்கள் தூக்கி வந்தார்கள். அவளிடம் அப்படிச் சொன்னது யார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

எழுதினால் தெரிந்துவிடும். பள்ளிக்கூட அதிபரின் காதுக்கு எட்டும், உள்ள வேலையும் போகும். பயமென்றால் சும்மா பயமில்லை, சோறு இறங்காத பயம். பிள்ளைக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, லேசானதைப் படித்துவிட்டுப் போகலாமே என்றான் கணவன் நளீம். மனுஷன் சொன்னதிலும் தப்பில்லை. அவளும் அந்த விண்ணப்பத்தைத்தான் பாதி நிரப்பியிருந்தாள்.

"வேல போறதவிடப் பெரிய பயம் ஒண்டிருக்கு," என்றாள் அஸ்ரியா. "ஸம்ஹா நேத்தும் வந்தா. உம்மாவும் மௌத்தாயிடுவாவா எண்டு கேட்டா. இதுக்கெல்லாம் எப்படிப் பதில் சொல்றது எண்டு ஒராள் பக்கத்தில இருந்து திருத்தித்தந்தாத்தான் எனக்குத் தெரியும். அந்தப் புள்ள இன்னும் நான் சொல்றதத்தான் நம்புது."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன், கொழும்பு விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரை மட்டும் மறைத்து, தான் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினாள்.