மலசலகூடக் குழியில் வந்த காசு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்த பிறகும் மன்னாருக்குத் திரும்பாமல் அகதியாக வந்து தங்கிய கனமூலையிலேயே சிறிய கல்வீடு கட்டினோம். மனைவி இடுப்பெலும்பு முறிந்து தேறிவந்த காலம். மலசலகூடம் இல்லாததால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். வழியில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள். கிணற்றுக்குத் தள்ளிக் குழி வெட்ட ஒரு மூலைதான் இருந்தது.

இடுப்பளவு ஆழத்தில், கூலிக்கு வெட்டியவன் ஒரு செப்புக்காசோடு மேலே ஏறிவிட்டான். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பான்.

“காக்கா, இதில அரபு எழுத்து கிடக்கு. அவுலியா யாரும் அடங்கின இடமோ தெரியா. நான் இனி மண்வெட்டி போடமாட்டன்.”

இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலம் என்ற பேச்சில் சற்று நேரத்தில் வேலியோரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ குழியோரம் ஊதுபத்தி கொளுத்தினார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் களிம்பேறிய காசைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் குறிகள் இதில் இல்லை. அவருக்கும் ஓத வரவில்லை.

“குர்ஆன் ஆயத்தா இருந்தா பாவம். குழிய மூடுங்க தம்பி.”

வாசலில் கதிரையில் இருந்த மனைவி என்னையே பார்த்தாள். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு எழும்பாது. காசை வாங்கிக் குசினிக்குள் போய், புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். களிம்பு கழன்றது. முதலில் ஒரு காது, பிறகு மூக்கு. மனிதத் தலை! மறுபக்கத்தில் எண்கள். குர்ஆனின் வசன எண்களில் பழகியவை: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. மேலே இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன், ‘ஈராக்’ என்று வந்தது.

வெளியே வந்து சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

“இது ஆயத்து இல்ல. ஈராக் காசு. ராசாட தலை இருக்கு.”

“அப்ப உள்ளுக்கு அடங்கியிருக்கிறது ராசாவோ?” என்றான் குழி வெட்டியவன். யாரும் சிரிக்கவில்லை.

மோதினார் காசைப் புரட்டினார். “உருவம் உள்ளத கபுறுக்குள்ள வைக்கமாட்டாங்கதான். எண்டாலும் உங்கட காணி, உங்கட பொறுப்பு.”

அப்போதும் குழி வெட்டியவன் இறங்கவில்லை. மனைவி சுவரைப் பிடித்து எழும்பப் பார்த்தாள். நான் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். எலும்பு தட்டுப்படுமோ என்று ஒவ்வொரு வெட்டுக்கும் குனிந்து பார்த்தேன். மணல்தான் வந்தது. அதற்குப் பிறகும் மணல்தான்.

“ஏறுங்க காக்கா, நீங்க வெட்டினா பெருநாளைக்கும் முடியாது” என்று அவன் கை நீட்டினான்.

மனைவி இப்போது எங்கள் மலசலகூடத்துக்கு யார் தோளையும் பிடிக்காமல் போய் வருகிறாள்.

2016 மார்ச் 13, ஞாயிறு.