சுட்டுச்சா என்று கேட்ட அத்தை

அத்தை போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சினேகிதர்களுக்கும் எங்கள் வீட்டின் கும்பிடு. "மலருக்கு நீ எழுது. ஆனா கேலி கிண்டல் கூடாது" என்று பெரிய மச்சான், அதாவது அத்தையின் மூத்த மகன், சொல்லியிருக்கிறார். கேலி இல்லாமல் எழுதினால் இது வேறு யாரையோ பற்றியது என்று அத்தையே நினைத்துக்கொள்வார். மருமகன் அத்தையைச் சீண்ட வேண்டும், அத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மரியாதை என்பது அதுதான்.

அத்தை திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல் காட்டு ஊரில் பிறந்தார். எங்கள் அப்பாவுக்கு அக்கா. தாய் சீக்கிரமே போய்விட்டதால் தம்பிகளை இடுப்பில் வைத்து வளர்த்தவர். எங்கள் அப்பாவை அடித்து இழுத்துக்கொண்டு போய் விட்ட நாட்களில் மட்டும் பள்ளிக்கூட வாசலைப் பார்த்தவர். கப்பலூர்ப் பக்கம் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, பருத்தியும் சோளமும் போட்டார். மழை ஏமாற்றிய வருடங்களில் அடுத்தவர் காட்டில் களையெடுத்தார். அப்படித்தான் ஆண் பிள்ளைகளை ஆளாக்கினார். பெண் குழந்தை மட்டும் இல்லை. "மருமகன் நான் ஒருத்தன் இருக்கேன்னு தெரிஞ்சும் ஒரு பொண்ணப் பெத்து வைக்கலியே அத்தே" என்பேன். "உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான்யா பெக்காம விட்டேன்" என்பார்.

பெரிய மச்சானுக்குச் சின்ன வயதில் அம்மை கண்டு, பிழைப்பதே பெரிய பாடாக இருந்தது. பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் வருடா வருடம் பூக்குழி இறங்குகிறேன் என்று அத்தை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அதிலிருந்து ஒரு திருவிழாவும் தவறியதில்லை. கங்கு பரப்பிய குழியைக் கடந்து, கரையில் பால் ஊற்றிய பள்ளத்தில் காலை வைத்ததும், "யாத்தே, இந்த வருசமும் சுட்டுப்புட்டா" என்று சிரிப்பார்.

தலை நன்றாக நரைத்த பிறகு ஒரு வருடம் அந்தச் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் குதித்துக் குதித்து ஓடிய குழியில், அத்தை பருத்திக் காட்டில் நடப்பது போல நிதானமாக நடந்து வந்தார். பால் பள்ளத்தையும் கவனிக்காமல் தாண்டி நின்றார். பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரி அம்மன் கழுத்து மாலையை எடுத்து வந்து போட்டார். ஆத்தாவே இறங்கிவிட்டாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் கூட்டம். காலில் விழுகிறவர்களும், திருநீறு கேட்கிறவர்களும், மகளுக்கு எப்போது மாப்பிள்ளை அமையும் என்று கேட்கிறவர்களுமாக இருந்தார்கள். மாமா துவைத்த சட்டையும் புதுத் துண்டுமாக வாசலிலேயே நின்று வரவேற்றார்.

நான் போன அன்று அத்தை உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தார். அவர் நடந்து வந்த வழியெல்லாம் தரையில் ஈரத் தடம், ஒரு காலுக்கு மட்டும்.

"என்னத்தே, ஒத்தக் காலை மட்டும் கழுவிட்டு வந்தியா?"

அத்தை குனிந்து பார்த்தார். உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினார். கொப்புளம் உடைந்து தோல் உரிந்து, உள்ளங்கால் பச்சைப் புண்ணாகக் கிடந்தது. அத்தை அதை விரலால் அமுக்கினார். இன்னும் அழுத்தி அமுக்கினார்.

"வலிக்கல மருமகனே."

"ஆத்தா காவல் இருக்கும்போது எப்படி வலிக்கும்?" என்றார் மாமா.

அத்தை பாதத்தைத் தரையில் ஊன்றிப் பார்த்தார். பிறகு சொன்னார். "ஆத்தா இம்புட்டு வருசமாச் சுட்டா, நான் பொறுத்துக்கிட்டேன். அதுதான நேத்திக்கடன்? சுடாத நெருப்புல நடந்தா அதுல என் பங்கு என்ன இருக்கு? இது ஆத்தா செஞ்சதில்ல. என் காலுக்குத்தான் என்னமோ வந்திருச்சு. பசுமலைக்கு பஸ் எப்ப?"

"ஊரே உன் கால்ல விழுகுது. நீ டாக்டர்கிட்டப் போயிக் கால நீட்டப் போறியா? வெளிய தெரிஞ்சா என்ன பேசுவாங்க?" என்று மாமா மறித்தார்.

"விழுந்தவுக எந்திரிச்சுப் போயிட்டாக. காலு எங்கிட்டதான இருக்கு?"

பசுமலையில் இருந்த டாக்டரம்மா முதலில் சிறுநீர் பிடித்துவரச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு அதைக் கலந்து சூடு காட்டினார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. "செங்கக் காளவாசலுக்குப் போற மாதிரியில்ல இருக்கு" என்றார் அத்தை. சர்க்கரை வியாதி, வெகுகாலமாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "எங்க வீட்ல சீனியே வாங்குறதில்லீங்களே, கருப்பட்டிதான்" என்று வாதாடினார்.

அடுத்தது கால் சோதனை. கண்ணை மூடச் சொல்லி, டாக்டரம்மா பஞ்சாலும் ஊசி முனையாலும் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். ஊசி படும்போதெல்லாம் என் பக்கத்தில் நின்ற மாமாவுக்கு இருமல் வந்தது. பொண்டாட்டி பரீட்சையில் தோற்றுவிடக் கூடாதே என்ற பாசம்.

"இப்பத் தெரியுதாம்மா?"

"அவரு இருமுறது நல்லாத் தெரியுது தாயி. கால்ல ஒண்ணும் தெரியல."

மாமாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

புண்ணைப் பார்த்த பிறகு டாக்டரம்மா சிரிக்கவில்லை. இது எலும்புக்கு இறங்கினால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அத்தை, "எது வரைக்கும்?" என்று கேட்டார். டாக்டரம்மா முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்று மட்டும்தான்.

"என்ன செய்யணுமோ சொல்லுங்க. ஒண்ணையும் விட மாட்டேன்."

மாத்திரை, கட்டு மாற்றுவது, கருப்பட்டியை நிறுத்துவது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இனி வீட்டுக்குள்ளும் செருப்போடுதான் நடக்க வேண்டும் என்றபோதுதான் தலை நின்றது. பிறந்ததிலிருந்து செருப்பு அறியாத கால் அது. பெரியவர்கள் எதிரே பெண்கள் செருப்புப் போடாத ஊர் எங்களுடையது. ஆனாலும் அன்று மாலையே மெத்தென்ற ரப்பர்ச் செருப்போடுதான் பஸ் இறங்கினார். மாமனார் முறையுள்ள ஒருவர், "வயசான காலத்துல என்ன பவுசு வேண்டிக்கிடக்கு?" என்று கேட்டார். "காலு போனா கட்டைய ஊண்டிக்கிட்டு ஒங்க முன்னாடி நிக்கணும் மாமா. அதுக்கு இது மரியாதை" என்றார் அத்தை.

அவர் செய்ததில் பெரியது அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நடந்தது. கோயிலில் கூட்டம் சேர்ந்திருந்தபோது, எல்லைக்கு வெளியே செருப்போடு நின்று சொன்னார். "என் கால்ல விழுந்தவுக எல்லாரும் கேளுங்க. எனக்கு வந்தது அருள் இல்ல, சீக்கு. நெருப்பு சுடலைன்னா என் காலு செத்துக்கிட்டு இருந்திருக்கு. ஆத்தா பேரச் சொல்லி நான் பொய்யா மாலை வாங்க முடியாது." மடித்து வைத்திருந்த காய்ந்த மாலையைப் பூசாரியிடம் திருப்பிக் கொடுத்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் மெதுவாக, "தாயி, எனக்கும் கால் மரத்துப் போயித்தான் கெடக்கு. எந்த பஸ்ஸு?" என்று கேட்டார்.

புண் ஆற மழைக்காலம் வந்துவிட்டது. மாமா முகம் மழிக்கும் கண்ணாடியை எடுத்துத் தினமும் உள்ளங்காலைப் பார்ப்பது அத்தையின் வழக்கமாகிவிட்டது. "பொம்பளைக மூஞ்சியப் பாக்கத்தான் கண்ணாடி எடுப்பாக" என்று சீண்டினேன். "மூஞ்சி எங்கயும் போகாது. காலுதான் போகப் பாத்துச்சு" என்றார்.

மறுவருடத் திருவிழாவில் பெரிய மச்சான் தனக்காக அத்தை நேர்ந்ததைத் தானே இறங்கித் தீர்த்தார். அத்தை குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார். குழியைக் கடந்து வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி ஒரே கேள்விதான்: "சுட்டுச்சா?" சுட்டது என்று துள்ளியவர்களை, "ஆத்தா நல்லா வச்சிருக்கா, போ" என்று அனுப்பினார். "பூ மாதிரி இருந்துச்சு மதினி" என்று பெருமையடித்தவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியா? நாளைக்குக் காலைல பஸ் ஸ்டாப்புக்கு வந்துரு." மறுநாள் பசுமலை பஸ்ஸில் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பக்தர்கள். சிலருக்குக் குழாய் சிவந்தது. சிலருக்கு நீலம் நீலமாகவே நின்றது. அவர்களை மட்டும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டு, "உனக்கு வந்ததுதான்யா அருள்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் அத்தை அங்கே நின்றார். கூடவே மாமாவும் நின்றார், இருமாமல்.

கடைசி வருடத்தில் சர்க்கரை சிறுநீரகத்தைப் பிடித்தது. ரத்தம், படம், மறுபடி ரத்தம் என்று சோதனைகள் நிற்கவில்லை. அத்தை கையை நீட்டிக்கொண்டே, "எடுங்க, காலுக்கு மட்டும் வராதீக" என்பார். கோடை வெயிலில் ஒரு முற்பகலில், மாமாவின் மடியில் தலை வைத்துப் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டிப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது, இரண்டு காலும் முழுதாக இருந்தன. டாக்டரம்மா வந்து அந்தப் பழைய தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த டாக்டரம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் கட்டு மாற்றிய நர்சம்மாவுக்கும், அத்தை செருப்பைச் சரிசெய்து ஏறும்வரை விசில் ஊதாமல் நின்ற கண்டக்டர் அண்ணன்மாருக்கும், சாவுக்கும் காரியத்துக்கும் அடுப்புப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அத்தை போன மறுநாள், உடலை எடுத்தபோது, பெரிய மச்சான் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு தார் ரோட்டில் சுடுகாடு வரை நடந்தார். உச்சி வெயில். திரும்பி வந்து வாசலில் நின்றபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா தலை நிமிர்ந்தார்.

"சுட்டுச்சாடா?"

"சுட்டுச்சுப்பா. தாங்க முடியல."

"அப்பச் சரி" என்றார் மாமா. "போயிக் கால நனை."