மூன்று நாள் நெளிந்த கோடு

என் தங்கையை எங்கள் தெருவில் பூனை என்பார்கள். நடந்தால் சத்தம் வராது. அது பிறவிக் குணம் இல்லை. வேலை பழக்கிய நடை. குன்றின் மேல் இருக்கும் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் அவள் பதிவாளர். நிலையம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். மேலே ஒரு மேசை, ஒரு தொலைபேசி. பதினான்கு படி இறங்கினால் பாறையைக் குடைந்த ஓர் அறை. நடுவில் பாறையோடு சேர்த்துக் கட்டிய சிமெண்டு மேடை, அதன் மேல் கருவி. பக்கத்தில் காகிதம் சுற்றிய உருளை மெதுவாகச் சுழலும். பேனா முள் அதில் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரம் அந்தக் கோட்டில் சிறு குறி வைக்கும். தினமும் காலை எட்டு மணிக்குக் காகிதத்தை மாற்ற வேண்டும்.

நான் தையல்காரி, எட்டாவதோடு நின்றவள். அவள் பன்னிரண்டு வரை படித்தாள். முதலில் அந்த அறையைப் பெருக்கத்தான் போனாள். பழைய பதிவாளர் வேலையை விட்டுப் போனதும் காகிதம் மாற்றச் சொன்னார்கள். ஆறு வருடமாகியும் தற்காலிகம்தான். ஆனால் அதற்குள் கோட்டைப் படிக்கத் தானே கற்றுக்கொண்டாள். லாரி போனால் கோடு எப்படி இருக்கும், தூர தேசத்தில் பூமி புரண்டால் எப்படி இருக்கும் என்று பிரித்துச் சொல்வாள்.

"பூமி புரண்டா ரெண்டு அதிர்வு கிளம்பும்க்கா. ஒண்ணு ஓட்டக்காரன், ஒண்ணு சோம்பேறி. ரெண்டு பேரும் எவ்வளவு நேரம் விட்டு வர்றாங்கன்னு பாத்தா, எவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்கன்னு தெரிஞ்சிடும்."

"அப்ப பூமிக்கும் ரெண்டு பிள்ளைங்களா? நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்றேன்.

"ஆமா. சோம்பேறிதான் மூத்தது."

அந்த வாரம் வியாழக்கிழமை ஆய்வாளர் அம்மா வருவதாக இருந்தது. பதிவுகள் சுத்தமாக இருந்தால் வேலை நிரந்தரம். குறை இருந்தால் வேறு ஆள். திங்கட்கிழமை காலை எடுத்த காகிதத்தில் கோடு நேராக இல்லை. முழு நீளத்துக்கும் ஒரே சீராக நெளிந்திருந்தது. தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"கருவிக் கோளாறா இருக்கும். இல்லைன்னா பக்கத்துல ஏதாவது மெஷின் ஓடும். கருவியோட கூர்மைத் திருகைக் குறைச்சு வைம்மா, சின்ன அசைவெல்லாம் பதியாது, கோடு நேராயிடும்" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

குன்றின் அடியில் மரம் அறுக்கும் பட்டறை இருந்தது. போன வாரம்தான் புது ரம்பம் பூட்டியிருந்தார்கள். முதலாளியிடம் பேச நான் போனேன்.

"பத்து நிமிஷம் ரம்பத்தை நிறுத்தணுமா? ஏன், பூமிக்குத் தூக்கம் வரலையா?" என்றார் அவர்.

"பூனைக்குத் தூக்கம் வரல அண்ணே" என்றேன்.

சிரித்துக்கொண்டே நிறுத்தினார். நான் மூச்சு வாங்க மேலே ஏறி, கீழறைக்கு மெல்ல இறங்கினேன். கோடு அதேபோல் நெளிந்துகொண்டிருந்தது. நான் படி இறங்கிய அதிர்வுகூடத் தனியாகப் பதிந்திருந்தது. நெளிவு மட்டும் எதையும் சட்டை செய்யவில்லை.

"நீயே அளந்து பாருக்கா. என் கண்ணு எனக்குச் சாதகமா பாத்துடும்" என்றாள்.

காலையில் எடுத்த காகிதத்தை மேசையில் விரித்து நாற்பது இடங்களில் அளந்தேன். ஒரு நிமிடக் குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவே பத்து அலைகள். அப்படியென்றால் ஆறு விநாடிக்கு ஒன்று. என் கையால் அவ்வளவு சீராகத் தையல் போட்டதில்லை.

"ரம்பமா இருந்தா மிஷின் தையல் மாதிரி நெருக்கமா விழும்டி. இது கை நூலோட்டம். யாரோ அவசரமே இல்லாம குத்திக்கிட்டு இருக்காங்க."

"யாருக்கா?"

 எனக்கு அவள் வேலைதான் முதலில் நினைவுக்கு வந்தது. "மூணு நாளைக்குத் திருகைக் குறைச்சு வச்சிடேன்" என்றேன்.

"அசையறது நிஜமா இருந்தா? பேனாவோட வாயைக் கட்டிட்டா பூமி சும்மா இருந்திடுமா?"

திருகை அவள் தொடவில்லை. பதிவேட்டில் இப்படி எழுதினாள்: "கருவியில் குறை இல்லை. பட்டறை நின்றபோதும் அலை நிற்கவில்லை. தரைதான் அசைகிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை." செவ்வாயன்று அலை இன்னும் உயர்ந்தது. புதனன்று அதையும் மிஞ்சியது. அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆய்வாளர் அம்மா தலை நரைத்தவர். மூன்று காகிதங்களையும் தரையில் வரிசையாக விரித்து, முழங்காலிட்டுப் பார்த்தார். பதிவேட்டை இரண்டு முறை படித்தார். நாங்கள் சுவரோடு நின்றோம்.

"இது கடல்" என்றார்.

எங்கள் ஊரிலிருந்து கடல் ரயிலில் ஓர் இரவுத் தூரம். நாங்கள் இருவரும் அதைப் பார்த்ததே இல்லை. நடுக்கடலில் ஒரு பெரும் புயல் சுழன்றுகொண்டிருக்கிறது என்றார் அவர். எதிரெதிராக வரும் அலைகள் மோதும்போது கடலடித் தரை அழுந்துகிறது. அந்த அழுத்தம் பாறைக்குள்ளேயே நடந்து இந்த அறை வரை வருகிறது.

"மத்த நிலையத்துல ரெண்டு பேரு திருகைக் குறைச்சுட்டாங்க. அங்க கோடு அழகா நேரா இருக்கு. எனக்கு அது உதவாது."

 நான்தான் கேட்டேன். "அப்ப இவ வேலைம்மா?"

"நீங்க யாரு?"

"இவ அக்கா. அலையை அளந்தது நான்தான்."

"நாளைக்கும் அளந்து வைங்க. புயல் கரை ஏறினா அலை இளைக்கும். தெரியாததைத் தெரியாதுன்னு எழுதற ஆளை நான் ஏன் அனுப்பணும்? ஆர்டர் தபால்ல வரும்."

பதினோரு நாளில் வந்தது.

ஆய்வாளர் அம்மா வந்துபோன மறுநாள் காலை இருவரும் கீழறையில் நின்றோம். அலை கண்ணெதிரே இளைத்துக்கொண்டிருந்தது. அங்கே ஏதோ ஒரு கரையில் கூரைகள் பறந்துகொண்டிருக்கும். இங்கே ஒரு முள், மூச்சு அடங்குவதுபோல் அதை எழுதிக்கொண்டிருந்தது. என்னால் சும்மா நிற்க முடியவில்லை. சிமெண்டு மேடையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ச்சி மட்டும்தான் தெரிந்தது.

"கையை எடுக்கா, பதியுது" என்றாள் மெதுவாக.

பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதினாள்: "9.12. அக்காவின் கை."