குளிர் தாங்காத பன்னம்

காலையில் எழுந்ததும் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, குளியலறை முழுவதும் ஆவி பரவவிட்டு, உள்ளே ஒரு செடியைக் கொண்டுபோய் வைப்பேன். இங்கிலாந்தில் அதற்கு ஃபெர்ன் என்று பெயர். நாம் பள்ளிக்கூடத்தில் பன்னம் என்று படித்தோம். ஹீட்டர் போட்ட வீட்டுக் காற்று அதற்கு ஒத்துவராது, இலை நுனி கருகிவிடும். கல்முனையில் எங்கள் கிணற்றுச் சுவரில் அது கேட்காமலே முளைக்கும். உம்மா கத்தியால் சுரண்டி எறிவார். எறிந்ததை இங்கே காசு கொடுத்து வாங்கி, தலை துவட்டாத குறையாக வளர்க்கிறேன் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வாங்கியவர் என் கணவர் றிபாஸ். போன குளிர்காலத்தில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்து, ஒரு பகல் மட்டும் இருந்துவிட்டுப் போனாள். ஊர் வழக்கப்படி ஆண்கள்தான் அடக்கத் தூக்கிப்போனார்கள். நான் ஜன்னலில் நின்றேன். ஊரில் அடக்கம் செய்யும் மையவாடியில், கபுறுக் குழியின் தலைமாட்டில் பச்சையாக ஒன்றை நட்டுவைப்போம். அது பச்சையாக இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்காக இறைவனைத் துதிக்கும் என்பது நம்பிக்கை. றிபாஸ் கடைக்குப் போய், இருந்தவற்றில் நல்ல பச்சையானதைப் பார்த்து வாங்கி, மகளின் கபுறில் நட்டிருக்கிறார். அது வீட்டுக்குள் வளர்க்கும் செடி என்று அவருக்கென்ன தெரியும்? அடுத்த வெள்ளிக்கிழமை அதைத் திரும்பக் கொண்டுவந்தார்.

“அங்க நட ஏலாதாம். மையவாடியப் பாக்கிற மனிசன் கிளப்பி, சட்டியில வச்சித் தந்தார். இது வெளிக் குளிரத் தாங்காதாம், ஊட்டுக்குள்ள வைக்கட்டாம்.”

“அப்ப புள்ள?” என்றேன்.

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இருந்தார்.

வசந்தத்தில் பொத்திய கைபோலக் கொழுந்துகள் வந்தன. பிறகு ஒருநாள் இலையைத் திருப்பினால், அடியில் வரிசையாகக் கபில நிறப் புள்ளிகள். வாப்பா மாவடிப்பள்ளியில் வயல் செய்தவர். அறக்கொட்டிப் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாக வேளாண்மை கருகியதையும், அவர் வரம்பில் குந்தியிருந்ததையும் பார்த்தவள் நான். பதறிப்போய்ச் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒரு புள்ளி விடாமல் துடைத்தேன். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது என்றுதான்.

பக்கத்து வீட்டு மார்கரெட் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அது பூச்சி இல்லையாம்; செடியின் வித்தாம், அதிலிருந்துதான் குட்டிச் செடிகள் முளைக்குமாம். “கவலைப்படாதே, அடுத்த வருஷம் திரும்ப வரும்” என்று தோளில் தட்டினார். ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொன்னார்கள். ஊரிலிருந்து ஃபோனிலும் இதைத்தான் சொன்னார்கள். அந்தத் துணியைப் பிடித்தபடி குசினித் தரையில் இருந்து அழுதேன். ஒரு செடிக்கு இப்படியா என்று அவர் விழித்தார். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலமும் போதவில்லை, வாயும் வரவில்லை.

இப்போது றிபாஸின் விசா முடிகிறது. ஊருக்குத் திரும்பத்தான் வேண்டும்.

“வாங்க மகள், இஞ்ச வந்தா மனசு ஆறும்” என்றார் உம்மா ஃபோனில்.

“அவள ஆரிட்ட உட்டுட்டு வாற உம்மா?”

“அவ சுவர்க்கத்துப் புள்ள. அவக்கு ஒரு குறையும் இல்ல.”

“ஓம்” என்றேன். அவளுக்குக் குறையில்லை என்று எனக்கும் தெரியும். குறை எனக்குத்தான்.

செடியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம். இன்று காலை கடைசியாக ஆவி காட்டி, மார்கரெட்டிடம் கொடுத்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும், தெரிந்த சொற்களில், சொன்னேன். இந்தத் தடவை அவர் தோளில் தட்டவில்லை. “அவள் பெயர் என்ன?” என்று கேட்டார்.

“சஹ்றா” என்றேன்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. செடியைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார். அதே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்முனையில் கிணற்றுச் சுவர் நிறையப் பன்னம் முளைத்திருக்கும். இனி உம்மாவைச் சுரண்ட விடமாட்டேன். ஆனால் அந்த வெயிலில் இருந்துகொண்டு, இங்கே இன்று குளிர் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் ஃபோனில் பார்ப்பேன்.