வெறுங்காலுக்கு ஒரு தகரக் கூடு

தகரத்தை வளைத்துப் பிழைக்கும் உங்களுக்கும் இது நேர்ந்திருக்கும்: எல்லாவற்றையும் அளந்துவிட்டோம் என்று நிமிர்ந்த மறுநாளே ஒருவர் திரும்பி வந்து நிற்பார்.

பாலிடெக்னிக்கில் வரைபடம் கற்பித்து ஓய்வுபெற்றபின் சித்தூரில் பட்டறை நடத்துகிறேன். வரைவதும் அளப்பதும் நான்; வெட்டுவதும் பற்றவைப்பதும் டிங்கர் முனிரத்தினம்.

அட்டை

திருப்பதியிலிருந்து ரங்காச்சாரி ஜீப்போடு வந்தார். திருமலையில் பரம்பரைக் கைங்கரியம் உள்ள குடும்பம். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று யாரிடமோ கொடுத்துப் பெரிய கியர் பெட்டி பொருத்தியிருந்தார். அதற்கு இடம்விட, பெட்டியை மூடும் தரைக்கூட்டை வெட்டி எறிந்திருந்தார்கள். பட்டறையில் அதை டனல் என்போம். ஓட்டுநரின் இடக்காலருகே சாலை தெரிந்தது. வெள்ளிக்கிழமை அவருடைய முறை தொடங்குகிறது. நடக்க இயலாத தாயாரோடு மலையேற வேண்டும்.

தகரத்தைத் தொடுமுன், புதுக் கூட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டி மாதிரி செய்தேன். பார்த்துக்கொண்டே இருந்த ரங்காச்சாரி சொன்னார்: "அம்மா, அட்டையிலேயே முடிச்சுடப் போறேளா? மலையில மழை பெய்யும்."

இரண்டு விரல்

கியர் பெட்டி ரப்பர் மேல் அமர்ந்திருப்பதால், எஞ்சின் உதறும்போது அதுவும் ஆடும். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி கேட்டேன். முனிரத்தினம் தம் விரலை நுழைத்துக் காட்டினார். ஸ்கேலை நுழைக்கச் சொன்னேன்.

நான்காம் முறை கழற்றச் சொன்னபோது அவர் கேட்டார்: "இன்னா டீச்சரம்மா, மலைக்குப் போறது அவரா, இந்தத் தகரமா? இத்தினி தபா எறக்கிக்கினே இருக்கோம்."

வெறுங்கால்

புதன்கிழமை வண்டியைக் கொடுத்தோம். புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு சத்தமும் இல்லை. அன்றே ரங்காச்சாரி மலைக்கு ஓட்டிப் பார்த்தார். வியாழன் காலை திரும்பி வந்தார். இடது கணுக்கால் சிவந்திருந்தது. மலையடிவாரத்து அலிபிரியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவது அவர் வழக்கமாம். இரண்டாம் கியரிலேயே ஏறியதால் பெட்டி காய்ந்து, சூடு தகரத்தின் வழியே காலுக்கு வந்திருக்கிறது.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மலையே பெருமாள்னு இருக்கச்சே செருப்போட எப்படி ஏறறது? நீங்க வண்டியை அளந்தேள், காலைக் கேக்கலையே."

இரண்டாம் தகடு

தவறு என்னுடையது, அதை அவரிடமே சொன்னேன். அவரை இருக்கையில் அமர்த்தி, வெறுங்காலால் கிளட்சை மிதிக்கச் சொல்லி, காலையும் சேர்த்து அளந்தேன். கால் படும் பக்கத்தில், காற்றுப் புக அரை அங்குலம் விட்டு இன்னொரு தகடு. மாலைக்குள் முனிரத்தினம் முடித்தார். ஸ்கேலை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மலையிலிருந்து தொலைபேசி. பேசியவர் ரங்காச்சாரியின் தாயார்: "கால் சுடலையாம்மா. ஆனா முன்னைக்கு இப்போ வேகமா ஓட்டறான். அதுக்கு ஏதாவது தகரம் அடிக்க முடியுமா?"

இப்போது என் அளவுத்தாளில் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று கட்டங்களுக்குக் கீழே, செருப்பு உண்டா இல்லையா என்று நான்காவது கட்டமும் இருக்கிறது.