உப்பளத்தில் ஒரு புற்று வீடு

வெயிலில் காயும் தகரத்துக்கு ஒரு வாசனை உண்டு. அடிபிடித்த சட்டி போல, நாக்கில் இரும்பு ஒட்டிக்கொண்டது போல... ஜிபுத்தியில் இறங்கியதும் முதலில் எனக்குத் தெரிந்தது அதுதான்.

புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர்க்காரிக்கு அங்கே என்ன வேலை என்பீர்கள். அப்போது நம்மூரில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. அவன் கொடி பறந்த ஊருக்கெல்லாம் நம் ஜனங்கள் பிழைக்கப் போனார்கள். என் வீட்டுக்காரர் கொத்தனார். ஆப்பிரிக்கக் கரையில் இருக்கிற ஜிபுத்தி உப்பளத்தில் மதகு கட்ட ஆள் எடுத்தபோது, கல்யாணமான கையோடு கப்பல் ஏறினோம்.

மரம் என்று ஒன்று கண்ணில் படாது. கருங்கல், மணல், உப்பு... அவ்வளவுதான். கூலிக்காரர்களுக்கு வரிசையாகத் தகரக் கொட்டகைகள். பகலில் சுவரில் கை பட்டால் பொசுங்கிவிடும். அந்தக் கொட்டகையில்தான் என் மூத்தவள் கமலா பிறந்தாள்.

கோடையில் அனல்காற்று வீச ஆரம்பித்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அப்புறம் காய்ச்சல். பால் குடிப்பதும் குறைந்துபோனது.

பக்கத்துக் கொட்டகையில் வில்லியனூர் பிலோமினா அக்கா இருந்தாள். முந்தைய கோடையில் தன் பையனைப் பறிகொடுத்தவள். கமலாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று எழுந்து போய்விட்டாள்.

வேலை விட்டு வந்த மனுஷரிடம் கத்தினேன். "நம்மூரு ஏரிக்கரையில பாம்புக்குக்கூட சில்லுனு ஒரு புத்து இருக்குது. எம் புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீங்க கொத்தனாரா இருந்து இன்னா பிரயோஜனம்?"

அவர் கோபப்படவில்லை. வெளியே உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"புத்து ஏன்டி சில்லுனு இருக்குது?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"சுவரு தடிமனு. கீழயும் ஓட்டை, மேலயும் ஓட்டை. உள்ள இருக்கிற சூடு மேல ஏறிப் பூடும்."

மறுநாள் மேற்பார்வை பார்த்த வெள்ளைக்கார முசேவிடம் போய் நின்றார். கம்பெனியின் மரப்பலகைகளைத் தொடாமல் என்ன வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்றாராம் முசே.

மேட்டில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். கடற்கரையில் கிடந்த பவளக்கல்லைச் சுமந்து வந்து தடித்த சுவராக எழுப்பினார். வேலை முடிந்ததும் பிலோமினாவின் புருஷன் சூசை அண்ணனும் வந்து கல் எடுத்துக் கொடுப்பார். கடல் பக்கம், சுவரின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். கரையில் ஒதுங்கிய கட்டைகளைக் குறுக்கே போட்டு, ஈச்சம்பாய் விரித்து, மேலே கனமாக மண் பூசிய கூரை. நடுவில் புற்றின் மூக்கு மாதிரி உயரமாக ஒரு புகைபோக்கி.

"கொத்தனாரே, பாம்பு எப்பப்பா குடிவருது?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

பாதி எழும்பிய சுவரின் நிழலில், ஈரத்துணி சுற்றிய கமலாவை பிலோமினா அக்கா மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். எனக்கோ ஒவ்வொரு கல்லுக்கும் உயிர் போய் வரும்.

சுவர் காய்வதற்குள்ளேயே குடிபோனோம். கடல் தண்ணீரில் நனைத்த சாக்கை ஓட்டைகளின் மேல் தொங்கவிட்டேன். காற்று குளிர்ந்து வந்து காலைத் தடவிக்கொண்டு மேலே ஏறியது. அன்று மத்தியானம் கமலா வாய் வைத்துப் பால் குடித்தாள். பிலோமினா அக்கா சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தன் பையனை நினைத்திருப்பாள்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பிலோமினா அக்கா வீடுதான் அடுத்தது. அப்படியே மேடெல்லாம் புற்றுகளாக எழும்பின...

உலகச் சண்டை வந்ததும் ஊர் திரும்பினோம். இங்கே மாமியார், ஓரகத்திகள், பெரிய குடும்பம். ஆம்பளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எங்களுக்கு இலை. அவரோடு நாலு வார்த்தை பேசுவதற்கும் கூச்சம். ஜிபுத்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே மீனை எடுத்துத் தின்றவர் அவர். பாகூரில் எத்தனையோ பேருக்கு வீடு கட்டினார். எங்கள் இரண்டு பேருக்கென்று ஒன்று கட்ட அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

இப்போது கமலாவின் மாடி வீட்டில் இருக்கிறேன். தலைக்கு மேல் மின்விசிறி, சன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டம், வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் மத்தியானத்தில் கண்ணை மூடினால், ஒரு பச்சை இலைகூட இல்லாத அந்த மேட்டுக்குத்தான் போகிறேன். சட்டையில் உப்புப் பூத்து, குனிந்து உள்ளே வருகிறார்... "சாப்டியாடி?" என்று கேட்கிறார்.